முகவரியின் இரண்டாம் வரி

மார்ச் 6

அக்காவுக்கு,

பதினோரு முறை போன் செய்திருக்கிறாய். பார்த்தேன், வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ பேசுவாய், நான் "சரிக்கா, சரிக்கா" என்பேன். வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். நாற்பத்தைந்து வருடமாக இதே கதை. அதனால் இந்தத் தடவை எழுத்தில் வைத்துக்கொள்வோம். நீயும் எழுத்திலேயே பதில் சொல். மெயில் வேண்டாம். உன் மெயிலை உனக்கு முன்னால் உன் உதவியாளர் படித்துவிடுகிறாராமே.

இந்த மாதம் ஒன்றாம் தேதி காலையில், கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பேர் உன் கம்பெனியிலிருந்து எங்கள் குழந்தைகள் கிளினிக்குக்கு வந்தார்கள். பத்து மணிக்குள் "வரிசை"யைக் கொன்றுவிட்டார்கள். நீ எழுதிய "வரிசை"யைத்தான் சொல்கிறேன். இருபத்து நான்கு வருடம் இந்த வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நான் ஓட்டிய "வரிசை". பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் கண் முன்னாலேயே ஓட்டை போட்டார்கள். பேக்கப் எடுத்து வைத்திருந்த ஃபிளாப்பிகளைக் கத்தரியால் வெட்டினார்கள். "எதுக்குப்பா வெட்டுறீங்க"ன்னு கேட்டேன். "நோயாளிகளோட ரகசியம் சார், லிஸ்ட்ல பதினாலாவது" என்றான் ஒருவன். அந்த லிஸ்டை வாங்கிப் பார்த்தேன். அடியில் உன் கையெழுத்து.

எங்கள் பெரிய டாக்டர் ஓய்வு பெற்று அவர் மகன் நாற்காலிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தச் சின்ன டாக்டருக்குப் புது மென்பொருளைக் காட்டி மயக்கியது நீ. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வரிசை" எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பட்டனை அமுக்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் தயாராக நிற்கும். எஃப் இரண்டு தட்டினால் புதுக் குழந்தை, எஃப் மூன்று தட்டினால் பழைய குழந்தை. எஃப் ஐந்து தட்டினால் பெயர், வயது, முகவரி எல்லாம் அச்சாகி ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டு குழந்தையோடு டாக்டர் அறைக்குள் போகும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும், அதை ஒழுங்காகச் செய்தது. சாயங்காலம் மூடினால் "முடிந்தது, வீட்டுக்குப் போ" என்று ஒரு வரி வரும். நீ விளையாட்டாகப் போட்டது. நான் தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இப்போது வந்திருப்பதற்குக் காலையில் எழுந்திருக்கவே நாலு நிமிஷம் ஆகிறது. முப்பது நாளைக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்று என்கிறது, மாற்றினால் "இது பலவீனமானது" என்று என்னையே குறை சொல்கிறது. காய்ச்சலில் அலறுகிற குழந்தையைப் பதிவு செய்ய ஒன்பது இடத்தில் கிளிக் செய்ய வேண்டும். மூலையில் ஒரு பொம்மை கையாட்டிக்கொண்டே "உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவே பெரிய உதவி. சீட்டும் கிடையாது, எல்லாம் திரையிலேயே டாக்டருக்குப் போகுமாம்.

நீ எழுதியதை நீயே அழித்திருக்கிறாய். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

போன அக்டோபரில் உன்னிடம் போனில் சொன்னேன். கிளினிக்குக்குப் புது மென்பொருள் வருகிறது, பழையதை எடுத்துவிடுவோம் என்று. நீ "சரிக்கா" என்றாய். இப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எழுதுகிறாய். உன் "சரிக்கா"வுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"வரிசை"யைப் பற்றி நீ உருகுகிறாய். எனக்கு அதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்தால்தான் வேலை என்று பெரிய டாக்டர் உன்னிடம் சொன்னார். நீ வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். தோழியின் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி பதினோரு நாளில் எழுதினேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, பாதி விஷயம் தெரியாது. ஒரே வீட்டில் ஒரே தேதியில் பிறந்த இரண்டு குழந்தைகளை அது ஏற்காது. இரட்டைப் பிள்ளைகள் வந்தால் இரண்டாவதை மறுநாள் பிறந்ததாகப் பதிந்து வைத்திருக்கிறாய். இருபத்து நான்கு வருடத்தில் முப்பத்தோரு ஜோடி. அந்த முப்பத்தோரு பேருக்கும் பிறந்த நாள் தப்பு. அதைத்தான் ஒழுங்காகச் செய்தது என்கிறாயா? என் பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாய். போதும் என்று முடிவு செய்தேன். எழுதியவள் நான்தானே.

புதியதை ஆறு வருடம் உட்கார்ந்து செய்திருக்கிறோம், நாற்பது பேர். ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடுகிறது. கையாட்டும் பொம்மையை நிறுத்தி வைக்கலாம், அமைப்புகளில் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. வரவேற்பு மேஜை மகாராஜா அங்கே போய்ப் பார்த்திருக்க மாட்டார்.

இன்னொன்று. உன் எட்டாயிரத்துச் சொச்சம் பதிவுகளைப் புதியதற்கு மாற்றும்போது எங்கள் ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். முகவரியின் இரண்டாம் வரியில் ஆயிரத்துக்கும் மேல் குப்பை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி என்னென்னவோ வைத்திருக்கிறாய், ஒன்றுகூட தெருப் பெயர் இல்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அஞ்சல் பட்டியலோடு ஒப்பிட்டு, சரியான தெருவும் பகுதியும் போட்டுத் தரச் சொன்னேன். நான்தான் சொன்னேன். வாசலில் நின்று திட்டாமல், முடிந்தால் நன்றி சொல்.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள், பதினான்காம் தேதி, இங்கே ஒன்று நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களிடம் கைக்குழந்தையாக வந்த பெண் ஒருத்தி, இப்போது ஆறு வயது. அப்பா தையல்காரர். வழக்கமாக அம்மாதான் கூட்டி வருவாள், அன்றைக்கு அவளுக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை என்று அப்பா தூக்கி வந்தார். கடுமையான காய்ச்சல். நான் பதிவு செய்து உள்ளே அனுப்பினேன். வரிசையில் பின்னால் பதினேழு பேர், அந்தப் பொம்மை வேறு நடுவில் வந்து நின்றது. சின்ன டாக்டர் அப்பாவிடம், "ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?"ன்னு கேட்டிருக்கிறார். "அவங்கம்மாவுக்குத்தான் சார் தெரியும்" என்றிருக்கிறார். டாக்டர் திரையைப் பார்த்தார். ஒவ்வாமை என்ற கட்டத்தில் பச்சை நிறத்தில் எழுதியிருந்தது: "எதுவும் இல்லை."

ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் குழந்தையின் முகம் வீங்கி, மூச்சு விடத் திணறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மூன்று நாள் இருந்தாள். இன்று காலையில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிழைத்துவிட்டாள்.

நீ குப்பை என்று எழுதினாயே, அந்த இரண்டாம் வரி. அந்தக் குழந்தைக்கு அதில் நான் ஐந்து வருடத்துக்கு முன்னால் எழுதி வைத்திருந்தது என்ன தெரியுமா? "இந்த ஊசி போடக்கூடாது, முகம் வீங்கும்." மருந்தின் பெயரும் போட்டிருந்தேன். அந்த வரி சீட்டில் அச்சாகும். சீட்டு டாக்டர் கைக்குப் போகும். பெரிய டாக்டர் முதலில் இரண்டாம் வரியைப் படித்துவிட்டுத்தான் குழந்தையின் முகத்தையே பார்ப்பார். "வரிசை"யில் குறிப்பு எழுத இடம் கிடையாது, அதனால் அங்கே எழுதினேன். இப்போது அந்த இடத்தில் "பிரதான சாலை, கிழக்குப் பகுதி" என்று அழகாக இருக்கிறது.

தெரியாது என்றால் தெரியாது என்று போட வேண்டியதுதானே. யாரிடமும் கேட்காமலே "எதுவும் இல்லை" என்று எப்படிப் போடலாம்? உன் நாற்பது பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையா?

சின்ன டாக்டர் உங்கள் கம்பெனியில் விளக்கம் கேட்டிருக்கிறார். அதுவரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். என் நாற்காலியில் வேறு யாரோ.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். குழந்தை நன்றாக இருக்கிறாளா என்று ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். நன்றாக இருக்கிறாள்.

விளக்க அறிக்கை என்னிடம்தான் வந்தது. எங்கள் தர ஆய்வுப் பிரிவு எழுதியது. "தகவல் தவறான இடத்தில் பதியப்பட்டிருந்தது, இயக்குபவர் பிழை" என்று இருந்தது. பத்தொன்பதாம் தேதி கையெழுத்துப் போட்டேன். உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. முன்னாலேயே வந்திருந்தால் போட்டிருப்பேனா என்று நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொள்கிறேன். போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பொய் சொல்ல விரும்பவில்லை.

ஏனென்றால் அறிக்கையில் இருப்பது உண்மை. முகவரி எழுதும் இடத்தில் யாராவது உயிர் காக்கிற விஷயத்தை எழுதி வைப்பார்களா? அது முகவரி என்றுதானே எவரும் நினைப்பார்கள்? குறிப்புக்கு இடம் வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே. ஒரு போன் போதும், அரை நாளில் ஒரு கட்டம் சேர்த்துத் தந்திருப்பேன். இருபத்து நான்கு வருடம் வாயைத் திறக்காமல், உனக்கு மட்டும் தெரிந்த ஒரு ஏற்பாட்டை நீயாகச் செய்துகொண்டு, இப்போது பழியை என் தலையில் போடுகிறாய்.

நீ எழுதியவற்றின் அசல் நகல் எங்கள் கிடங்கில் இருக்கிறது. மாற்றிய நாளிலிருந்து முப்பது நாள் வைத்திருப்போம், மார்ச் 31 மாலை தானாக அழிந்துவிடும். அதைத் திறக்க எழுத்தில் கோரிக்கை வேண்டும். இயக்குபவர் பிழை என்றால் திறக்க விதி இடம் தராது. மாற்றியதில் எங்கள் தவறு என்று பிரிவுத் தலைவர் எழுதினால்தான் திறக்கலாம். பிரிவுத் தலைவர் நான். அழிக்கச் சொன்னதும் நான். ஏப்ரலில் முழுக் கம்பெனியின் மருத்துவ வேலையும் என் கைக்கு வருவதாக இருக்கிறது. இதை எதற்கு உன்னிடம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

சின்ன டாக்டரிடம் பேசி உன்னை வேறு ஏதாவது வேலையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

இது கூரியரில் வருகிறது, நாளைக்கு மறுநாள் உன் கையில் இருக்கும். கூட ஒரு ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். அசல் என்னிடம் இருக்கிறது.

அது நீ எனக்கு எழுதியது. நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம். உன் கையெழுத்து உனக்குத் தெரியும், இருந்தாலும் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாயோ என்று பயந்து இங்கேயும் எழுதுகிறேன்: "குறிப்பு எழுத இடம் கேட்டிருக்கிறாய். இப்போது எனக்கு மூச்சு விட நேரமில்லை. முகவரியில் இரண்டாம் வரி சும்மாதான் கிடக்கிறது, அறுபது எழுத்து வரை பிடிக்கும், அதில் எழுதிக்கொள். யார் பார்க்கப் போகிறார்கள்? லீவில் வரும்போது தனிக் கட்டம் போட்டுத் தருகிறேன்."

நீ லீவில் வந்தாய். எட்டு முறையோ ஒன்பது முறையோ வந்தாய். முதல் இரண்டு முறை கேட்டேன். அப்புறம் விட்டுவிட்டேன், அறுபது எழுத்தே எனக்குப் பழகிப்போயிற்று.

நான் வாயைத் திறக்கவில்லையா? எனக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடா? நீ சொன்னதை, சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்கு இருபத்து மூன்று வருடம் எழுதினேன். நீ மறந்துபோனாய். மறப்பது மனுஷ சுபாவம், அதற்கு நான் கோபப்படவில்லை. மறந்துவிட்டு, தம்பிதான் மக்கு, அவன்தான் இப்படிச் செய்திருப்பான் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாயே, அதற்குத்தான் வயிறு எரிகிறது.

தையல்காரர் நேற்று வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார், தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். "நீங்க எழுத மறந்துட்டீங்கன்னு கிளினிக்ல சொல்றாங்க சார். எம் பொண்டாட்டி நம்பல. நீங்க எழுதினத அவ கண்ணால பாத்தாளாம்" என்றார். நான் எழுதியதை எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு பழைய சீட்டுகூட இல்லை. எல்லாவற்றையும்தான் ஓட்டை போட்டுவிட்டார்களே.

இந்த ஜெராக்ஸைச் சின்ன டாக்டரிடம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். உன்னைக் காட்டிக்கொடுத்துத்தான் நான் நல்லவனாக வேண்டும் என்றால் எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். வேறு வேலை வாங்கித் தருவதாகச் சொன்னாயே, அதுவும் வேண்டாம். ஆனால் ஊசி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் ஞாபகத்தில் இருந்தவரை நூற்று அறுபது பேருக்கு ஒரு நோட்டில் எழுதிச் சின்ன டாக்டருக்கு அனுப்பினேன். ஞாபகத்தில் இல்லாதவர்களை என்ன செய்ய? ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தத் திரை "எதுவும் இல்லை" என்று பச்சையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

ஜெராக்ஸைப் பார்த்ததும் முதலில் வந்தது கோபம்தான். இவ்வளவு நாள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறானே என்று. அன்றைக்கு முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். மறுநாளும் திட்டினேன். முப்பதாம் தேதி காலையில் கோரிக்கையை எழுதினேன்.

அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று வரிதான். அந்த இடத்தில் எழுதச் சொன்னது நான், மறந்தது நான், பார்க்காமல் அழிக்கச் சொன்னது நான். இயக்குபவர் மேல் தவறில்லை. இதையே திருத்திய அறிக்கையாகச் சின்ன டாக்டருக்கும், தையல்காரர் வீட்டுக்கும் என் கையெழுத்தோடு அனுப்பியிருக்கிறேன். எங்கள் சட்டப் பிரிவு அனுப்பாதே என்றது. அனுப்பிவிட்டுத்தான் அவர்களுக்குப் பதில் சொன்னேன். ஏப்ரலில் வருவதாக இருந்தது வரவில்லை. இருந்ததையும் மூன்று மாதத்துக்கு வேறொருவர் பார்ப்பார். "எதுவும் இல்லை" என்பதை எல்லா ஊரிலும் "கேட்கப்படவில்லை" என்று மாற்றிவிட்டோம். அது நீ சொன்னது.

அசல் நகல் கிடைத்துவிட்டது. ஆயிரத்து நூற்று நாற்பது வரிகள். கம்ப்யூட்டரிடம் விட மனம் வரவில்லை, மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நானே படித்தேன். மருந்து பற்றியது முந்நூறுதான் இருக்கும். மற்றதெல்லாம் வேறு. "அம்மாவுக்குக் காது கேக்காது, எதிர்ல நின்னு பேசு." "வெள்ளைக் கோட்டு பாத்தா அழுவான், கழட்டு." "அண்ணன் போன வருஷம் தவறிட்டான், எத்தனை பிள்ளைன்னு கேக்காதே." "அப்பா கத்துவார், முதல்ல அனுப்பு." இவ்வளவையும் அறுபது எழுத்துக்குள் எப்படித்தான் அடக்கினாயோ. எங்கள் நாற்பது பேர் செய்த மென்பொருளில் இதற்கெல்லாம் இன்றைக்கும் கட்டம் கிடையாது.

ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் என் பிள்ளையின் பெயர் இருந்தது.

அவனுக்கு நான்கு வயதில் உன்னிடம் விட்டுவிட்டு, முதல் பெரிய வேலைக்காகப் போனேன். பதினான்கு மாதம். உன் அத்தான் அப்போது கப்பலில். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது நீ கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருக்கிறாய். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டாம் வரியில் எழுதியிருக்கிறாய்: "அம்மா ஊர்ல இல்ல. கேட்டா நாளைக்கு வருவான்னு சொல்லு."

பதினான்கு மாதத்துக்கு எத்தனை "நாளைக்கு". அந்த வரியைத் தாண்டி அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. அவன் எத்தனை முறை கேட்டான் என்று எனக்கு எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நேற்றிலிருந்து வேலைக்குப் போகிறேன். சின்ன டாக்டர் எழுந்து வந்து மன்னிப்புக் கேட்டார். உன் அறிக்கையைத் தையல்காரர் மனைவி இரண்டு முறை படித்தாளாம். என் வரிகளெல்லாம் புது மென்பொருளில் மஞ்சள் பட்டையில் தெரிகின்றன. மற்றபடி அது பழையபடிதான், இன்று காலையிலும் நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டது. நீ செய்தது பெரிய காரியம். செய்ய வேண்டிய காரியமும்தான், அதனால் நன்றி சொல்லப் போவதில்லை.

ஆயிரத்து நூற்று நாற்பதையும் படித்தேன் என்கிறாய். அதெல்லாம் நர்ஸும் டாக்டரும் படிப்பதற்காக எழுதியது. நீ படிப்பதற்காக இல்லை, அதிலும் அந்த வரி.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்தப் பதினான்கு மாதத்தில் ஒன்பது முறை அவனை இங்கே தூக்கி வந்தேன். ஒன்பது முறையும் சீட்டில் அந்த வரி அச்சானது. பெரிய டாக்டர் படித்துவிட்டு, அவன் வாயைத் திறந்தால் சொல்வதற்குத் தயாராக இருப்பார். நர்ஸும் தயாராக இருப்பாள். வீட்டில் நானும் என் மனைவியும் பதினான்கு மாதமும் தயாராகவே இருந்தோம்.

அவன் கேட்கவே இல்லை. ஒரு முறைகூட. நான்கு வயசுப் பிள்ளை, ஊசி போடும்போது என் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு "மாமா, மாமா" என்று மட்டும் அழுவான். எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் அதுதான் அக்கா. நீ அழித்த மென்பொருளுக்காக ஒரு மாதம் கத்தினேன், அது உண்மைதான். ஆனால் இது பதினேழு வருடமாக இருக்கிறது.

ஏன் கேட்கவில்லை என்று என்னைக் கேட்டு எழுதாதே. எனக்குத் தெரியாது. அவனுக்கு இருபத்தொரு வயதாகிறது, உன் வீட்டில் அடுத்த அறையில்தான் இருக்கிறான். போய் அவனிடம் கேள்.

தம்பி